மூச்சுக்காக மேலே வரும் உயிர்: கடலோரப் பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



டால்பின் மீன் அல்ல, பாலூட்டி. வகுப்பறையில் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு அந்த விலங்கின் பாடம் முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குள் அடங்கியிருப்பவையோ ஏராளம். செவுள் இல்லாத, நுரையீரலால் மூச்சு விடுகிற, குட்டிக்குப் பால் கொடுக்கிற ஓர் உயிர் தன் வாழ்நாள் முழுவதையும் கடலிலேயே கழிக்க வேண்டியிருக்கிறது. அதனால் அதன் உறக்கம், பேறு, பசி, சாவு எல்லாமே நீரின் மேற்பரப்போடு பிணைந்துவிடுகின்றன. மண்டபத்திலோ மணப்பாட்டிலோ படிக்கும் பிள்ளைக்கு, கடலோரத்தில் ஓங்கில் என்று அழைக்கப்படும் டால்பின் புதிய விலங்கு அல்ல. அதன் முதுகுத் துடுப்பு நீரைக் கிழித்து எழுவதை அப்பாவின் படகிலிருந்தே பார்த்திருக்கும். அது ஏன் மேலே வருகிறது என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே விலங்கியலில் பாதியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

டால்பின்களின் முன்னோர் தரையில் நடந்தவை. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே நகர்ந்துவந்த இந்தியத் துணைக்கண்டத்துக்கும் ஆசியாவுக்கும் இடையே டெத்திஸ் என்ற கடல் இருந்தது. அதன் கரையோரம் வாழ்ந்த குளம்புள்ள விலங்குகளில் ஒரு கிளை கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குள் இறங்கியது. திமிங்கிலங்களும் டால்பின்களும் அந்தக் கிளையில் வந்தவை. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் அவற்றுக்கு நெருங்கிய சொந்தம் நீர்யானைதான்.

இந்த வரலாற்றின் முக்கியமான சான்று ஒன்று இந்திய மண்ணிலிருந்தே கிடைத்தது. ஜம்முவின் காலாகோட் பகுதியில் புவியியலாளர் ஏ. ரங்கா ராவ் சேகரித்து வைத்திருந்த பாறைகள் பல ஆண்டுகள் உடைக்கப்படாமலே கிடந்தன. அவர் மறைந்த பிறகு அவருடைய மனைவி அவற்றை ஹான்ஸ் தீவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். பாறையிலிருந்து எலும்புகளைப் பிரித்தெடுக்கும் வேலையில் ஒரு மண்டையோட்டின் காதுப் பகுதி தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் பார்த்தால் செவியெலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. திமிங்கில இனத்துக்கு மட்டுமே உரியது என்று அதுவரை கருதப்பட்ட அடையாளம் அது. இந்தோஹியஸ் எனப்படும் அந்த விலங்கு ஏறத்தாழ ஒரு பூனையளவே இருந்தது. மெல்லிய கால்கள், குளம்புகள். கால் எலும்புகளின் சுவர் மட்டும் கனத்திருந்ததால் அது ஆழமில்லாத நீரில் இறங்கி நடந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. 2007இல் இந்த ஆய்வு வெளியானது. குஜராத்தின் கட்ச் பகுதியில் இதற்குப் பிந்திய காலத்துத் திமிங்கிலப் புதைபடிவங்களும் கிடைத்துள்ளன. பரிணாமப் பாடத்துக்கு கலாபகோஸ் தீவுக் குருவிகளையே எடுத்துக்காட்டாகச் சொல்லிவரும் வகுப்பறைகளில், சொந்த நாட்டுப் பாறையில் எழுதப்பட்டிருக்கும் இந்த வரலாற்றுக்கு இடம் கிடைக்காமல் இருப்பது பெரிய இழப்பு.

பழைய உடலின் தடயங்கள் இன்றைய டால்பினிடமும் உள்ளன. மார்புத் துடுப்பை அறுத்துப் பார்த்தால் மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், ஐந்து விரல்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். பின்னங்கால்கள் மறைந்துவிட்டாலும், இடுப்பெலும்பின் மிச்சமாக இரண்டு சிறு எலும்புகள் தசைக்குள் கிடக்கின்றன. கருவில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றிப் பிறகு மறைகின்றன. எப்போதாவது அவை மறையாமலும் நின்றுவிடுவதுண்டு. 2006இல் ஜப்பானின் தைஜி அருகே பிடிபட்ட ஒரு டால்பினுக்கு வாலருகே கூடுதலாக ஒரு சோடித் துடுப்புகள் இருந்தன. நீந்தும் விதமும் தரை விலங்கினுடையதே. ஓடும் பாலூட்டியின் முதுகெலும்பு மேலும் கீழுமாக வளைகிறது. டால்பினின் வாலும் அப்படியே மேலும் கீழுமாக அடிக்கிறது. மீனின் வால் பக்கவாட்டில் அசைகிறது. கரையில் நிற்கும் பிள்ளைகூட இதைக் கொண்டு சுறாவையும் ஓங்கிலையும் பிரித்துச் சொல்லிவிடலாம். சுறாவின் துடுப்பு நீர்மட்டத்தில் நேராக நகர்ந்துகொண்டே போகும். ஓங்கிலின் முதுகு வளைந்து எழுந்து, உருண்டு, அமிழும்.

அப்படி எழும் கணத்தில்தான் மூச்சு. டால்பினின் நாசி தலையின் உச்சிக்கு நகர்ந்து ஊதுதுளை எனப்படும் ஒற்றைத் துளையாகிவிட்டது. அத்துளையைத் தடித்த தசை மடல் ஒன்று மூடியிருக்கிறது. தளர்ந்திருக்கும்போது அது மூடியே இருக்கும். திறக்கத்தான் தசையை இயக்க வேண்டும். மேலே வந்ததும் காற்றை வெளியேற்றிப் புதிய காற்றை இழுப்பதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அதற்குள் நுரையீரல் காற்றில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அது மாற்றிக்கொள்கிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒரு மூச்சில் மாற்றுவது 10 முதல் 15 விழுக்காடுதான். குரல்வளை மேல்நோக்கி நீண்டு மூக்குக் குழாய்க்குள் செருகியிருப்பதால் மூச்சுக்கும் உணவுக்கும் வழிகள் தனித்தனி. நீருக்கடியில் வாயைத் திறந்து மீனை விழுங்கினாலும் புரையேறாது. மறுபக்கம், உச்சித் துளை நீருக்குள் இருக்கும்போது வாய்வழியாக மூச்சு வாங்கி அது தப்பிக்கவும் முடியாது.

உள்ளே இழுத்த உயிர்வளியில் பெரும்பங்கு நுரையீரலில் தங்குவதில்லை. இரத்தமும் தசையும் அதைச் சேமித்துவைக்கின்றன. தசையில் மயோகுளோபின் என்ற புரதம் மிகுந்திருப்பதால் டால்பினின் இறைச்சி கருஞ்சிவப்பாக இருக்கும். ஆழம் செல்லச் செல்ல நீரழுத்தத்தில் விலாக்கூடு மடங்குகிறது, நுரையீரல் சுருங்குகிறது, இதயத் துடிப்பு குறைகிறது. மூளையையும் இதயத்தையும் தவிர்த்த பகுதிகளுக்குப் போகும் இரத்தம் கட்டுப்படுத்தப்படுகிறது.

இந்த மூச்சு விலங்கின் விழிப்போடு எவ்வளவு இறுகப் பிணைந்தது என்பது வேதனையான ஒரு வழியில் தெரியவந்தது. 1955இல் புளோரிடாவில் மூளை ஆய்வாளர்கள் சிலர் டால்பின்களுக்கு மயக்க மருந்து கொடுத்தனர். மயங்கியதும் அவை மூச்சு விடுவதை நிறுத்தின, இறந்தன. அப்படியானால் டால்பின் எப்படி உறங்குகிறது? சோவியத் ஒன்றியத்தில் லெவ் முகமேத்தோவும் அவருடைய குழுவினரும் 1970களில் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து இதற்கு விடை கண்டனர். மூளையின் ஒரு பாதி ஆழ்ந்து உறங்கும்போது மறுபாதி விழித்திருக்கிறது. சற்று நேரத்தில் முறை மாறுகிறது. ஒரு கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். மெதுவாக நீந்தியபடி, அவ்வப்போது மேலே வந்து மூச்செடுத்தபடி அது தன் உறக்கத்தைப் பாதிப் பாதியாக முடித்துக்கொள்கிறது. பிறந்த குட்டியும் தாயும் முதல் சில வாரங்களில் ஓய்ந்து மிதப்பதே அரிது. பகலும் இரவும் நீந்திக்கொண்டே இருக்கின்றன.

உடற்சூடு ஏறத்தாழ மனிதரைப் போன்றதே. நீரோ காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புப் படலம் சூட்டைக் காக்கிறது; பட்டினி நாட்களுக்கு அதுவே இருப்பு. துடுப்புகளிலும் வால் மடலிலும் கொழுப்பு இல்லை. அங்கே வெளியே செல்லும் தமனியைச் சுற்றிலும் உள்ளே திரும்பும் சிரைகள் சூழ்ந்திருக்கின்றன. வெளியே போகும் சூடான இரத்தம் உள்ளே வரும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுச் செல்கிறது. இதிலேயே இன்னொரு நுட்பமும் உண்டு. நீரோட்டத்தில் தடை இல்லாதிருக்க ஆண் டால்பினின் விரைகள் வயிற்றுக்குள், வேலை செய்யும் சூடான தசைகளுக்கு நடுவே அமைந்துள்ளன. விந்தணுக்களுக்கு அந்தச் சூடு ஆகாது. எனவே முதுகுத் துடுப்பிலும் வாலிலும் குளிர்ந்த இரத்தம் நேராக விரைகளை ஒட்டிய நாளங்களுக்குக் கொண்டுவரப்பட்டு அவற்றைக் குளிர்விக்கிறது. பெண்ணில் கருப்பைக்கும் இதே ஏற்பாடு. குடிநீருக்கும் வழி உடலுக்குள்ளேயே இருக்கிறது: தின்னும் மீனின் ஈரமும், கொழுப்பு செரிக்கும்போது உண்டாகும் நீரும் பெரும்பாலும் போதுமானவை.

நீருக்குள் முகர்வதற்கு வழியில்லாத இவ்விலங்குகள் மோப்பத்தை இழந்துவிட்டன. மோப்பத்துக்கான மூளைப் பகுதியே இல்லை. சுவையிலும் பெரும்பகுதி போய்விட்டது. இழந்த இடத்தை ஒலி நிரப்பியது. 1940களின் இறுதியில் புளோரிடா கடற்காட்சியகம் ஒன்றின் பொறுப்பாளர் ஆர்தர் மெக்பிரைட், கலங்கிய நீரில், இருட்டில் விரித்த வலையைக்கூட டால்பின்கள் தொலைவிலேயே உணர்ந்து விலகுவதைக் கவனித்துக் குறித்துவைத்தார். ஆய்வாளர் கென்னத் நோரிஸ் 1960இல் ஒரு டால்பினின் கண்களை உறிஞ்சிக்கிண்ணங்களால் மூடினார். அது தொட்டியில் தொங்கிய குழாய்களுக்கு இடையே எதிலும் மோதாமல் நீந்தி, போட்ட மீனையும் பிடித்தது.

ஒலி பிறக்கும் இடம் தொண்டை அல்ல. ஊதுதுளைக்குச் சற்றுக் கீழே மூக்குக் குழாயில் உதடு போன்ற இரு மடிப்புகள் உள்ளன. காற்றை அவற்றின் வழியே தள்ளும்போது படபடவென்று சொடுக்கொலிகள் உண்டாகின்றன. காற்று வெளியே போவதில்லை. மேலுள்ள பைகளில் சேர்ந்து மீண்டும் பயன்படுகிறது. ஒரே மூச்சில் அது நெடுநேரம் ஒலி எழுப்புவது இப்படித்தான். நெற்றியின் புடைப்பில் இருக்கும் தனிவகைக் கொழுப்பு அந்த ஒலியைக் குவித்து முன்னே அனுப்புகிறது. பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்குவது கீழ்த்தாடை. உள்ளீடற்ற அந்தத் தாடைக்குள் நிறைந்திருக்கும் கொழுப்பு ஒலியை உட்செவிக்குக் கடத்துகிறது. வெளிக்காது ஊசித்துளையாகச் சுருங்கிவிட்டது. மனிதச் செவி 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். குப்பிமூக்கு டால்பின் 120 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிய ஒலியில் வேலை செய்கிறது. அந்த ஒலியால் மீனின் அளவையும் தொலைவையும், உள்ளே காற்றுப்பை இருப்பதையும் அறிகிறது. மணலுக்குள் ஒளிந்திருக்கும் மீனையும் கண்டுபிடிக்கிறது.

சொடுக்கொலி வழி தேடவும் இரை தேடவும் என்றால், விசில் ஒலி உறவுக்கு. குட்டி தன் முதல் ஆண்டுக்குள்ளாகவே தனக்கென்று ஒரு விசிலை உருவாக்கிக்கொள்கிறது. வாழ்நாள் முழுதும் பெரிதும் மாறாத தனி அடையாளம் அது. 1965இல் கால்டுவெல் என்ற ஆய்வாளர் தம்பதியர் இதை முதலில் விவரித்தனர். 2013இல் வெளியான ஸ்டெபனி கிங், வின்சென்ட் யானிக் ஆகியோரின் ஆய்வில், ஒரு டால்பினின் சொந்த விசிலின் நகலை ஒலிக்கச் செய்தபோது அது விடை கொடுத்தது. மற்றவற்றின் விசிலுக்கு அப்படி விடை கொடுக்கவில்லை. பிரிந்து 20 ஆண்டுகளுக்கு மேலான ஒரு துணையின் விசிலை ஒரு டால்பின் அடையாளம் கண்டுகொண்டதும் அதே ஆண்டில் பதிவானது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடா இந்த விலங்கின் குடும்ப வாழ்வைப் பற்றி அதிகம் கற்றுக்கொடுத்த இடம். அங்கே 1980களிலிருந்து ஆய்வாளர்கள் ஒவ்வொரு டால்பினையும் முதுகுத் துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டுத் தடங்களைக் கொண்டு தனித்தனியே அடையாளம் கண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். அங்குள்ள இந்தோ-பசிபிக் குப்பிமூக்கு டால்பின் மன்னார் வளைகுடாவிலும் வாழும் இனம்தான். ஆகவே அங்கே கண்டறிந்தவற்றில் பல தமிழகக் கடலின் ஓங்கிலுக்கும் பொருந்தக்கூடும்.

சூல் ஏறத்தாழ 12 மாதம். ஒரு பேற்றில் ஒரே குட்டி. பெரும்பாலும் வால் முதலில் வரும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள குட்டி பிறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, மேலே வந்து மூச்சு வாங்குவது. முதுகுத் துடுப்பும் வால் மடலும் பிறக்கும்போது துவண்டு மடிந்திருந்து, சில நாட்களில் விறைக்கின்றன. உடலில் வெளிறிய வளைய வரிகள் தெரியும். கருப்பையில் மடங்கிக் கிடந்ததன் தழும்புகள் அவை. தாயின் பால்காம்புகள் வயிற்றின் பின்பகுதியில் இரு பிளவுகளுக்குள் ஒளிந்திருக்கும். குட்டிக்கு உறிஞ்சுவதற்கு மெல்லிய உதடுகள் இல்லை. நாக்கைக் குழாய்போல் மடிக்கிறது. நாக்கின் ஓரங்களில் உள்ள சிறு மடிப்புகள் காம்பைச் சுற்றிக் கவ்விக்கொள்கின்றன. தாய் தன் தசையை இறுக்கிப் பாலைப் பீய்ச்சுகிறது. ஒரு முறை குடிப்பது சில நொடிகள்தான், ஏனென்றால் அடுத்த மூச்சுக்கு நேரமாகிவிடும். பசும்பாலைவிடப் பல மடங்கு கொழுப்பு நிறைந்த பால் என்பதால் அந்தச் சில நொடிகளே போதும்.

பால்குடி மறக்க மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை தாய் பெரும்பாலும் அடுத்த குட்டி ஈனுவதில்லை. ஷார்க் விரிகுடாவில் பிறந்த குட்டிகளில் 44 விழுக்காடு மூன்று வயதுக்குள் இறந்தன. சுறாக்கள் முக்கியமான எதிரி. அங்குள்ள வளர்ந்த டால்பின்களில் பெரும்பாலானவற்றின் உடலில் சுறாக்கடித் தழும்பு இருக்கிறது. ஆயுளோ நீண்டது. புளோரிடாவின் சாரசோட்டா வளைகுடாவில் 1970இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வில், நிக்லோ என்று பெயரிடப்பட்ட பெண் டால்பின் 66 வயதிலும் உயிரோடு இருந்தது. மெதுவாகப் பெருகி நெடுங்காலம் வாழும் இப்படிப்பட்ட இனம், வளர்ந்த பெண்கள் சில அகாலத்தில் இறந்தாலே பல ஆண்டுகளுக்கு மீள முடியாமல் போகும். சாளை ஒரு பருவத்தில் இடும் முட்டைகளின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டுச் சொன்னால், கடலில் வாழ்பவை எல்லாம் தாமாகவே பெருகிவிடும் என்ற எண்ணம் பிள்ளைகளிடம் நிற்காது.

தாயோடு இருக்கும் அந்த நீண்ட காலம் கற்கும் காலம். ஷார்க் விரிகுடாவில் சில டால்பின்கள் கூம்பு வடிவக் கடற்பஞ்சை மூக்கில் மாட்டிக்கொண்டு, கரடுமுரடான கடல் தரையைக் கிளறி அடியில் பதுங்கிய மீன்களைக் கிளப்புகின்றன. பஞ்சு மூக்கைக் காயமின்றிக் காக்கிறது. இந்த வித்தை தாயிடமிருந்து, குறிப்பாக மகள்களுக்கு, வழிவழியாகச் செல்கிறது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்தாலும், தாய்வழியில் இப்பழக்கம் இல்லாதவை பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. ஆண்கள் இரண்டு மூன்றாகக் கூட்டுச் சேர்ந்து பல்லாண்டுகள் பிரியாமல் திரிகின்றன. அந்தக் கூட்டுகள் தமக்குள் இன்னொரு பெரிய கூட்டும் சேர்ந்துகொள்கின்றன.

மீனவரோடும் அவை கூட்டுச் சேர்ந்ததுண்டு. பிரேசிலின் லகூனா நகரில் டால்பின்கள் மடவை மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் ஓட்டிவருகின்றன. முழங்கால் நீரில் வரிசையாக நிற்கும் மீனவர்கள் டால்பின் தலையையோ வாலையோ அசைக்கும் குறிப்பைப் பார்த்து வீச்சுவலையை எறிகின்றனர். வலைக்குத் தப்பிச் சிதறும் மீன்கள் டால்பினின் பங்கு. மியான்மரின் ஐராவதி ஆற்றிலும் ஐராவதி டால்பின்களோடு வீச்சுவலைக்காரர்கள் இப்படித் தொழில் செய்தனர். இரண்டு இடங்களிலும் வலையைக் கையில் வைத்திருந்தவர்கள் டால்பினை எதிரியாகக் கருதவில்லை என்பது கடலோரப் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி.

மிகுந்த அழிவைத் தருவது ஆளில்லாமல் கடலில் மிதக்கும் வலைதான். இந்தியப் பெருங்கடலில் சூரை மீனுக்காக விரிக்கும் செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 லட்சம் சிறு திமிங்கில வகை விலங்குகள், பெரும்பாலும் டால்பின்கள், சிக்கியிருக்கும் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு கூரிய ஒலியுணர்வு இருந்தும் ஏன் சிக்குகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மெல்லிய நைலான் இழையிலிருந்து திரும்பும் எதிரொலி மிக மங்கலானது. தெரிந்த நீரில், இரை துரத்தும் ஆவேசத்தில், டால்பின் எந்நேரமும் முன்னே ஒலி அனுப்பிக்கொண்டிருப்பதும் இல்லை. சிக்கியபின் அதைக் கொல்வது பெரும்பாலும் காயமல்ல, மேற்பரப்பை எட்ட முடியாமைதான். குரல்வளை இறுகி மூடிக்கொள்ள, பல வேளைகளில் நீர் உள்ளே புகாமலே மூச்சடைத்துப் போகிறது. வலையின் மேல்விளிம்பை நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் கீழே இறக்கிக் கட்டும் முறையைப் பாகிஸ்தான் சூரைப் படகுகள் கையாண்டபோது, டால்பின்கள் சிக்குவது பெருமளவு குறைந்தது. மூச்சுக்கு வரும் வழியைத் திறந்துவிடும் இந்த எளிய மாற்றம் இங்கும் விரிவாகப் பேசப்பட வேண்டியது.

வலையில்லாமலும் கூட்டமாகச் சாவதுண்டு. 2016 ஜனவரியில் மணப்பாடு, ஆலந்தலை, கல்லாமொழி கடற்கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. பெயரில் திமிங்கிலம் இருந்தாலும் இவை டால்பின் குடும்பத்தவை. 1973இலும் அதே கடற்கரையில் இப்படி நடந்தது. 2016இல் மீனவர்களும் வனத்துறையினரும் இரவெல்லாம் அவற்றை ஆழத்துக்கு இழுத்துவிட்டனர். பல திரும்பவும் கரைக்கே வந்தன. கூட்டத்தில் ஒன்று நோயுற்றோ வழி தவறியோ ஆழமற்ற நீருக்குள் வந்துவிட்டால் மற்றவை அதை விட்டுப் பிரிவதில்லை. மணலில் ஏறிய உடலுக்கு நீரின் தாங்கல் இல்லை. சொந்த எடையே நுரையீரலை அழுத்துகிறது. குளிரிலிருந்து காத்த கொழுப்பு இப்போது வெயிலில் உள்ளிருந்து வேகவைக்கிறது.

அப்படி ஒதுங்கிய ஒன்றை முதலில் காண்பது பெரும்பாலும் கரையோரப் பிள்ளைகளாகவே இருக்கும் என்பதால், செய்ய வேண்டியவை வகுப்பிலேயே சொல்லப்பட வேண்டும். வனத்துறைக்கு உடனே தகவல் போக வேண்டும். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, ஈரத்துணி போர்த்தி, நிழல் செய்து, நீர் தெளித்துக்கொண்டிருக்கலாம். ஊதுதுளையின் மேல் துணி படவோ அதற்குள் நீரும் மணலும் விழவோ கூடாது. வாலையோ துடுப்பையோ பிடித்து இழுத்தால் மூட்டு பிசகிவிடும். கூட்டம் கூடிச் சத்தமிடுவது அதன் படபடப்பைக் கூட்டும்.

டால்பின்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. காட்சிக்காக அவற்றை அடைத்துவைக்கும் டால்பின் பூங்காக்களுக்கு 2013 மே மாதம் முதல் இந்தியாவில் அனுமதியில்லை. இறந்து ஒதுங்கிய உடலின் எலும்பையோ பல்லையோ பள்ளி ஆய்வகத்துக்கு எடுத்துவருவதும் சட்டப்படி கூடாது. அதை வனத்துறையும் ஆய்வாளர்களும்தான் கையாள வேண்டும். அவர்கள் அந்தப் பல்லை நீளவாக்கில் மெல்லியதாக அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ஆண்டுக்கு ஒன்றாகப் படிந்த அடுக்குகள் தெரிகின்றன. அந்த விலங்கு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தது என்பதை அவற்றை எண்ணிக் கணக்கிடுகிறார்கள்.